மாப்பிள்ளை போட்ட சரிவு

என் வாழ்நாளில் நான் கட்டிய கட்டடம் ஒன்றே ஒன்றுதான். அது பட்டினச்சேரியில், என் மாமனார் வீட்டு வாசலில் இருக்கிறது. நீளம் நாலரை அடி, அகலம் மூன்றடி, உயரம் ஒரு பக்கம் ஒரு சாண், மறுபக்கம் பூஜ்யம். சிமெண்டுச் சரிவு. முகம் பார்க்கிற அளவுக்கு வழவழப்பாக வரவேண்டும் என்று கரணையால் தேய்த்துத் தேய்த்துப் பூசச் சொன்னேன். கொத்தனார், "மழை பேஞ்சா வழுக்குமேங்க" என்றார். "சொன்னதச் செய்யுங்க" என்றேன். அரசாங்க ஆபீசில் கீழ்நிலை எழுத்தனாக இருக்கிறவனுக்கு அந்த வாக்கியத்தைச் சொல்ல வாய்ப்பு எப்போதாவதுதான் கிடைக்கும், கிடைத்ததை விடுவேனா? இன்றைக்கும் அந்தச் சரிவில் ஒரு விரிசல் இல்லை. ஆடுகள் அதன்மேல் படுத்து அசைபோடுகின்றன. புத்தியோடு கட்டிய எத்தனையோ சுவர்களை அந்தக் கடற்கரையில் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறது. முட்டாள்தனமாகக் கட்டியதை மட்டும் அது தொடுவதில்லை.

நானும் கடலோடிக் குடும்பத்தில் பிறந்தவன்தான். என் தகப்பனார் வலையை விட்டு உத்தியோகத்துக்குப் போய்விட்டதால், நான் தலத்தெருவில் வளர்ந்து, பி.காம். படித்து, கடலை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாலே குமட்டுகிற அளவுக்கு முன்னேறிவிட்டேன். மாமனார் எனக்கு நேர் எதிர். கட்டுமரத்தில் தொடங்கி ஃபைபர் படகு வரை ஓட்டியவர். காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பதைக் காது மடலால் தெரிந்துகொள்வார். அப்பேர்ப்பட்டவர் எனக்குப் பெண் கொடுத்தது நான் ஃபேன் போட்ட அறையில் வேலை பார்க்கிறேன் என்ற ஒரே தகுதிக்காக.

பட்டினச்சேரியில் மாப்பிள்ளை என்றால் சாமிக்கு அடுத்த படி. சாமியே அங்கே மாப்பிள்ளைதான். மாசி மகத்தன்று திருக்கண்ணபுரத்துப் பெருமாள் கடலாட அந்தக் கரைக்கு வருவார். தங்கள் குலத்துப் பெண்ணைக் கட்டியவர் என்பதால், "மாப்பிள்ளே! மாப்பிள்ளே!" என்று கூவிக்கொண்டுதான் சனங்கள் அவரைத் தோளில் சுமப்பார்கள். ஆக, அந்த ஊரில் மாப்பிள்ளை செய்வதற்கு எதிர்ப்பேச்சு கிடையாது. பெருமாள் வருஷத்தில் ஒரு நாள் வந்து, எதுவும் பேசாமல் திரும்பிவிடுகிறார். நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ப் பேசினேன். சேதாரமெல்லாம் அதனால் வந்ததுதான்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் மாமனாரின் வலது கையில் ஆரம்பித்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓயாமல் ஒன்றையொன்று உரசி, இல்லாத பீடியைச் சுருட்டிக்கொண்டே இருந்தன. பிறகு குரல் இறங்கியது. கரையிலிருந்து கூப்பிட்டால் படகுக்குக் கேட்கும் குரல், கூடத்திலிருந்து அடுப்படிக்குக் கேட்காமல் போயிற்று. பிறகு முகம். அதுதான் என்னை உறுத்தியது. எனக்கு வாய் சும்மா இருக்காது. சாவு வீட்டிலும் இரண்டு பேரைச் சிரிக்க வைக்காமல் திரும்பமாட்டேன். என் நகைச்சுவையை எல்லாம் அவர் மதில் சுவர் மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார். 'பெண் கொடுத்தவர் திமிர்' என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் "பார்கின்சன்" என்றார், மாத்திரை எழுதினார், வேளை தவறக்கூடாது என்றார். முகத்துக்கும் அந்த வியாதிதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

அடுத்தது கால். கூடத்தின் நடுவில் நடந்து வந்துகொண்டிருப்பவர் சட்டென்று நிற்பார். உடம்பு முன்னால் போகப் பார்க்கும், பாதம் தரையில் ஆணி அடித்ததுபோல் நிற்கும், முழங்கால் மட்டும் நடுங்கும். ஆனால் அதே மனிதர் காலையில் கரைக்குப் போய், விரித்துப் போட்ட வலைகளுக்கும் நங்கூரக் கயிறுகளுக்கும் நடுவே கொக்கு மாதிரிக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்துபோவதை நானே என் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் தீர்ப்புச் சொன்னேன்: "ஒங்கப்பா நடிக்கிறாரு. கடற்கரையில பதினெட்டு வயசு, கூடத்துல தொண்ணூறு வயசு." அவள் மீன் ஆய்ந்துகொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "எங்கப்பா நடிச்சா ஒங்களுக்கென்ன, டிக்கெட்டா வாங்குனீங்க?"

அந்த வருஷங்களில் எங்கள் கடற்கரையில் வாங்குகிறவர்களைவிடக் கொடுக்கிறவர்கள் அதிகம். எங்கிருந்தெல்லாமோ வேன் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். ஒரு முகாமில் மாமனாருக்குக் கைத்தடி கொடுத்தார்கள். கொடுத்தவர் கேமராவைப் பார்த்தார், வாங்கியவர் கொடுத்தவரைப் பார்த்தார், அவர் நடக்கிறாரா என்பதை ஒருவரும் பார்க்கவில்லை. கை நடுங்கும்போது தடியும் சேர்ந்து நடுங்கித் தரையில் தட்டியது. "தந்தி அடிக்கிறாரு" என்று நான் ஒரு ஜோக் அடித்தேன். இன்னொரு முகாமில் கீழே மூன்று கால் முளைத்த ஊன்றுகோல் கிடைத்தது. மணலில் அது ஒவ்வொரு அடிக்கும் மூன்று குழி பறித்தது. பிடுங்கி எடுப்பதற்கே ஓர் ஆள் தேவைப்பட்டது. கால் நிற்பது ஏன் என்று தெரியாமல் காலுக்கு முட்டுக் கொடுக்க மட்டும் இத்தனை பேர் கிளம்பி வந்திருந்தார்கள். அவர்களை நான் மனதாரக் கேவலமாக நினைத்தேன். அவர்களாவது ஒரு நாள் வந்து போனார்கள். நான் வாராவாரம் வந்தேன்.

வந்தவன் சும்மா இருந்தேனா? நடக்கமுடியாத மனிதர் இருக்கும் வீட்டில் தரையில் ஒன்றும் கிடக்கக்கூடாது என்பது என் சித்தாந்தம். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் கூடத்தின் குறுக்கே ஒரு பழைய தென்னங்கயிறு கிடக்கும். கொல்லைக் கதவுப் பக்கம் இன்னொன்று. சில நாள் துடைப்பத்துக் குச்சி, ஒரு நாள் உடைந்த துடுப்பின் காம்பு. "வயசானவங்க தடுக்கி விழமாட்டாங்களா அத்தை?" என்று மாமியாரிடம் கேட்டபடியே எல்லாவற்றையும் பொறுக்கிச் சுருட்டிப் பரண்மேல் போடுவேன். அத்தை, "ஆமாங்க மாப்ள" என்பார். அடுத்த ஞாயிறு மறுபடியும் கிடக்கும். மறுபடியும் சுருட்டுவேன். பொறுப்பில்லாத குடும்பம் என்று எனக்கு இளக்காரம். மொபெட்டில் திரும்பும்போது வழியெல்லாம் என் பொறுப்பை நானே மெச்சிக்கொண்டு வருவேன்.

கடைசியில் வாசப்படியிலும் கைவைத்தேன். அது பழங்காலத்துக் கருங்கல் படி, ஒரு சாண் உயரம். சமதரையிலேயே நிற்கிறவர் இதை எப்படித் தாண்டுவார் என்று கணக்குப் போட்டேன். அவர் அந்தப் படியில் ஒரு நாளும் நின்றதில்லை, படகின் விளிம்பைத் தாண்டுவதுபோல் அநாயாசமாகத் தாண்டிக்கொண்டிருந்தார் என்பது கண்ணெதிரே நடந்தும் என் கணக்கில் வரவில்லை. மாமனார் எதையோ முனகினார். கேட்கவில்லை. கேட்கிற தூரத்துக்கு நான் போகவுமில்லை. படியைப் பெயர்த்தாயிற்று, சரிவு போட்டாயிற்று. அது காய்ந்த மறுநாளிலிருந்து மாமனார் வாசலில் நின்றார். தினமும் நின்றார். கரைக்குப் போவது குறைந்தது, பிறகு நின்றேவிட்டது. 'பாருங்க, வியாதி முத்துது. நல்லவேளை, முன்கூட்டியே சரிவு போட்டேன்' என்று நாலு பேரிடம் சொன்னேன்.

அடுத்த மாசி மகம் வந்தது. முந்தின வருஷம், கூட்டத்தில் நின்றுவிடுவார் என்று பயந்து, மச்சான்கள் இரண்டு பேரும் அவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துக் கரைக்குத் தூக்கிப்போயிருந்தார்கள். பெருமாள் பல்லக்குக்குப் பக்கத்தில் இன்னொரு பல்லக்குபோல் இருந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அன்று முழுக்க அவர் சோறு தொடவில்லை. இந்த வருஷம் பத்து நாளுக்கு முன்பே அத்தையிடம் சொல்லிவிட்டார்: "என் காலுல போயி அலையில நின்னு மாப்பிள்ளையப் பாக்கணும். இல்லாட்டிப் போவல. அடுத்த வருசம் இந்தக் காலு என் பேச்சக் கேக்குமோ என்னமோ." வீட்டிலிருந்து கரைக்கு இரண்டு தெரு, பிறகு மணல். நாற்பது வருஷம் விடியுமுன் கண்ணை மூடிக்கொண்டு போன தூரம்.

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருந்தால் மனிதன். டவுனில் மருந்துக் கடைக்குப் போய் அலுமினிய வாக்கர் ஒன்று வாங்கினேன். நாலு கால், நாலு ரப்பர் குப்பி. மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு, ஏதோ கறவை மாட்டை ஓட்டி வருகிற பெருமையோடு பட்டினச்சேரிக்குள் நுழைந்தேன். மாமனார் அதை மேலும் கீழும் பார்த்தார். "கூண்டு வாங்கியாந்திருக்கீங்க" என்றார். "வாக்கர் மாமா." "கோழி எங்க?" என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவர் ஜோக் அடிக்கிறார் என்பது எனக்கு எட்டவே இல்லை. வாக்கர் என்றால் என்ன என்று ஐந்து நிமிஷம் விளக்கம் வேறு சொன்னேன்.

மாசி மகத்தன்று வெயில் சாயத் தொடங்கியபோது தூரத்தில் மேளம் கேட்டது. மாமனார் வேளை பார்த்து மாத்திரை போட்டு, வெள்ளை வேட்டி கட்டி, வாசலுக்கு வந்துவிட்டார். வாக்கரை நான் சரிவின் மேல் வைத்தேன். அவர் பிடித்தார். பாதம் ஒட்டிக்கொண்டது. முழங்கால் நடுங்கியது, வாக்கர் நடுங்கியது. என் கைவேலையான வழவழப்பில் ரப்பர் குப்பிகள் நழுவ, வாக்கர் தனியாக நாலடி இறங்கிப் போய்த் தெருவில் நின்றது. நடக்க வாங்கியவரைவிட அது நன்றாக நடந்தது. நான் தாங்கிப் பிடித்திராவிட்டால் மாமனார் முகம் குப்புற விழுந்திருப்பார். அதற்குள் தெரு கூடிவிட்டது. "மூச்ச இழுத்து விடுங்க" என்றது ஒரு குரல். "வலது கால முன்ன வைங்க" என்றது இன்னொன்று. இடது காலை வைத்தால் ஆகாது என்று யாராவது தடுத்துவைத்திருந்ததுபோல! அத்தனை பேரிலும் சத்தமாகக் கத்தியவன் நான்தான்: "நடங்க மாமா, நடங்க! தைரியமா நடங்க!" ஒருவேளை நடப்பதற்குத்தான் வாசலுக்கு வந்தோம் என்பதை அவர் மறந்திருந்தால் ஞாபகப்படுத்தலாமே என்று. மேளம் தெருமுனைக்கு வந்துவிட்டது. மாமனார் என்னைப் பார்க்கவில்லை. மேளம் வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. முகம் மட்டும் அப்படியே இருந்தது.

அத்தை தேங்காய்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "தள்ளுங்க மாப்ள" என்றார். எட்டு வருஷத்தில் அவர் எனக்குப் போட்ட முதல் உத்தரவு. தள்ளினேன். மஞ்சள் பூசிய தன் பாதத்தை மாமனாரின் பாதத்துக்கு முன்னால் குறுக்கே நீட்டி, "ம்" என்றார். ஆணி அடித்துக் கிடந்த கால் தானாக உயர்ந்தது; அந்தப் பாதத்தைத் தாண்டி அப்பால் வைத்தது. அடுத்த கால் பின்னாலேயே வந்தது. ஐந்தாறு அடி தாராளமாக நடந்தார். மறுபடி நின்றார். மறுபடி அத்தையின் கால். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, "ஆம்புள பொம்புள காலத் தாண்டலாமா?" என்று ராகம் இழுத்தாள். அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாப்பது வருசமா வாசல்ல படுத்திருக்கிற என்னத் தாண்டித்தான் கடலுக்குப் போனாரு. ஒண்ணும் ஆயிடல. நீ தள்ளு."

அப்படியே இரண்டு தெரு. மணல் வந்ததும் அத்தை விலகிக்கொண்டார். இழுத்துக் கட்டிய படகுகளின் கயிறுகள் வரிவரியாகக் குறுக்கே கிடந்தன. மாமனார் ஒவ்வொன்றாகத் தாண்டி, யார் துணையும் இல்லாமல், பல்லக்கு வருமுன் போய் அலையில் நின்றார். நான் வாக்கரைத் தோளில் சுமந்துகொண்டு பின்னாலேயே போனேன். அன்றைக்கு அந்த வாக்கர் யாருக்காவது உபயோகப்பட்டது என்றால், என் முகத்தைப் பாதி மறைத்துக்கொள்ள எனக்குத்தான்.

பல்லக்கு அலைக்குள் இறங்கும் ஆரவாரத்தில் அத்தையிடம் கேட்டேன், இது எப்படித் தெரியும் என்று. "அது கெடக்கு மாப்ள. ஏதாச்சும் குறுக்க கெடந்தா காலு தூக்கிக்குது. சின்னதுலேந்து வலைய மிதிக்காத காலு, கயித்த மிதிக்காத காலு. அதான் கூடத்துல கயிறு போட்டு வெச்சிருந்தேன்." நான் வாராவாரம் சுருட்டிப் பரண்மேல் போட்ட கயிறு! "ஏன் அத்தை எங்கிட்டச் சொல்லல?" அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "மாப்பிள்ளைக்கிட்ட எப்புடிங்க சொல்றது? படிச்சவுங்க. ஏதாச்சும் காரணமாத்தான் சுருட்டுறீங்கன்னு நெனச்சோம். நீங்க போனப்பறம் மறுக்கப் போட்டுக்குவோம். வாசப்படியத்தான் மறுக்க வெக்க முடியல." ஆறுதலுக்கோ என்னவோ, இன்னொன்றும் சொன்னார்: "நீங்க சொல்ற சோக்கெல்லாம் ராத்திரி எங்கிட்ட மறுபடி சொல்லுவாரு மாப்ள. அவருக்குச் சிரிப்பு மூஞ்சில வர்றதில்ல. வயித்துல குலுங்கும்."

இரண்டு வருஷம் கழித்து ஒரு பிசியோதெரபிப் பெண்மணி இதையே சொன்னார். இந்த வியாதிக்காரர்களுக்குச் சமதரைதான் சிரமம். தரையில் கோடு, குறுக்கே ஒரு குச்சி, இப்படிக் கண்ணுக்கு ஏதாவது தட்டுப்பட்டால் சிலருக்குக் கால் கிளம்பிவிடும். வெளிநாட்டில் கைத்தடியிலேயே விளக்கு வைத்து, காலடியில் சிவப்புக் கோடு விழும்படி செய்கிறார்களாம். மின்சாரத்தில் எரியும் அந்தக் கோட்டைத்தான் எங்கள் அத்தை தென்னங்கயிற்றில் போட்டிருந்தார். பி.காம். படித்த ஒருவன் அதைச் சுருட்டிக்கொண்டே இருந்தான். மாமனார் அதற்குப் பிறகு மூன்று மாசி மகம் பார்த்தார். கடைசி ஒன்றை நாற்காலியிலிருந்து. இப்போது என் மகளைக் கட்டியவர் தலத்தெரு வீட்டுக்கு வரும்போதெல்லாம், என் முழங்கால் வலிக்கு வீட்டுத் தரையை எப்படி மாற்றவேண்டும் என்று செல்போனில் படம் காட்டி விளக்குகிறார். "ஆமாங்க மாப்ள" என்கிறேன். மனத்துக்குள் அவரைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்பதை வைத்து, என்னைப் பற்றி அந்த வீட்டில் என்ன நினைத்திருப்பார்கள் என்று துல்லியமாகத் தெரிந்துகொள்கிறேன்.

ஆனால் அன்றைய பாடு கரையோடு முடியவில்லை. போவதைப் பற்றியே பத்து நாள் யோசித்த நாங்கள், திரும்புவதைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. பல்லக்கு பந்தலுக்குத் திரும்பியது. மச்சான்கள் தோள் கொடுத்துப் போய்விட்டார்கள். அத்தை பெண்களோடு தட்டெடுத்துப் போய்விட்டார். அலையில் மாமனாரும் நானும். மாத்திரையின் வேகம் இறங்கிவிட்டது. அலை வடிந்த ஈரமணல், கயிறு இல்லை, கோடு இல்லை, நான் பூசச்சொன்ன சிமெண்டு மாதிரியே பளபளவென்று கிடந்தது. மாமனார் நின்றுவிட்டார். தண்ணீர் குதிகாலைத் தொட்டுத் தொட்டுக் குழி பறித்தது. சுற்றிப் பார்த்தேன். வாக்கரை மணலில் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி, என் காலை அவர் காலுக்கு முன்னால் குறுக்கே நீட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார். "வேணாம் மாப்ள. மாப்பிள்ள காலத் தாண்டப்படாது. கழுவித்தான் விட்டோம், கல்யாணத்தன்னக்கி."

"வாசப்படிய இடிச்சதவிடவா மாமா இது பெரிய பாவம்?"

வெகுநேரம் நின்றார். ஓர் அலை முழங்கால் வரை வந்து போயிற்று. பிறகு கால் உயர்ந்தது. தாண்டினார். நான் ஓடி முன்னால் போய் மறுபடி நீட்டினேன்.

"தூரமா வெக்கிறீங்க. நான் என்ன ஒட்டகமா?"

கிட்டே வைத்தேன்.

"ரொம்பக் கிட்ட. மிதிச்சா ஒங்க பொண்டாட்டி என்னையக் கேப்பா."

படகுகளோரம் நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அரசாங்க எழுத்தன் ஒருவன் ஈரமணலில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடி ஓடிக் காலை நீட்டிக்கொண்டிருந்தால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? கயிறுகள் ஆரம்பிக்கும் இடம் வரை முப்பது நாற்பது தடவை நீட்டியிருப்பேன். மூச்சு வாங்கிக் குனிந்து நின்றேன். மாமனாரும் நின்றார், இந்தத் தடவை தானாகவே. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற அந்தச் சின்னக் குரலில் சொன்னார்:

"படிச்ச காலுல்ல மாப்ள. கொஞ்சம் மெதுவாத்தான் வேலைக்கு வருது."

முகத்தில் ஒன்றுமே இல்லை. நான் அவர் வயிற்றைப் பார்த்தேன். குலுங்கிக்கொண்டிருந்தது.